மார்ட்டல் காம்பாட் 4: பாலிகனுக்குப் போனதுதான் தப்பா?

கேள்வி: இருபது வருஷம் கழித்து மார்ட்டல் காம்பாட் 4 என்ற சண்டை கேமை இந்த வாரம் போட்டுப் பார்த்தேன். அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. முதல் மூன்று பாகத்தில் இருந்தவர்கள் நிஜ ஆட்கள். இதில் அட்டைப்பெட்டிக்குக் கை கால் முளைத்த மாதிரி நிற்கிறார்கள். வெட்டி ஒட்டிய படமான ஸ்ப்ரைட்டை விட்டு, முக்கோணத் துண்டுகளால் கட்டிய 3டி உருவமான பாலிகனுக்குப் போன அன்றைக்கே இந்தத் தொடர் செத்துவிட்டது என்கிறேன். யாராவது மறுத்துப் பேசுங்கள், பார்ப்போம்.

3 நவம்பர் 2025, இரவு 11.40

நான் மறுக்கப் போவதில்லை தம்பி. செத்ததை நேரில் பார்த்தவன் நான்.

2000-ஆம் வருஷம், திருச்சி. தெருமுனையில் ஒரு பிரவுசிங் சென்டர், மணிக்கு 30 ரூபாய். மெயில் பார்க்க வருகிறவர்கள் முன்பக்கம், கேம் ஆடுகிற பையன்கள் பின்பக்கம். அதுவரை நாங்கள் ஆடிக்கொண்டிருந்தது மார்ட்டல் காம்பாட் 3. அதில் சண்டை போடுகிற சப்-ஜீரோவுக்கு எங்கள் ஊர்ப் பெயர் ஐஸ்காரன். முதல் பாகத்திலிருந்தே தெரிந்த ஸ்கார்ப்பியனுக்குக் கயித்துக்காரன். ஒருநாள் சென்டர்காரர் புது சிடி வந்திருக்கிறது என்று 4-ஐப் போட்டுவிட்டார். கயித்துக்காரன் வந்து நின்றான். முழங்கை முக்கோணமாக இருந்தது. முகத்தில் ஒரு படத்தை ஒட்டி வைத்த மாதிரி இருந்தது. குனிந்து ஒரு அப்பர்கட், அதாவது கீழிருந்து மேலே ஒரு குத்து, விட்டால் எதிராளி மிதந்து போகிறான், வீசியெறிந்த தலையணை மாதிரி. 3-இல் அதே அடி விழுந்தால் பக்கத்து சேரில் மெயில் பார்க்கிறவர் திரும்பிப் பார்ப்பார்.

அதோடு 3-க்கே திரும்பிவிட்டோம். அப்புறம் இன்றுவரை 4-ஐத் தொடவில்லை.

3 நவம்பர், இரவு 11.58

ஒரு விவரம் சேர்க்க மறந்துவிட்டேன். 4 ஆர்கேடில், அதாவது காசு போட்டு ஆடுகிற மெஷினில், வந்தது 1997. பிளேஸ்டேஷன், நின்டெண்டோ 64, பிசி மூன்றுக்கும் 1998. எங்கள் தெருவுக்கு வர 2000 ஆனது தெருவின் குற்றம்.

5 நவம்பர், மாலை 6.15

நிஜ ஆட்கள் என்றால் என்ன அர்த்தம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வயது குறைவு போல, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

1992-இல் முதல் பாகத்தைச் செய்தது முக்கியமாக நான்கே பேர்: எட் பூன், ஜான் டோபியாஸ், ஜான் வோகல், டான் ஃபோர்டன். மிட்வே நிறுவனம், சிகாகோ. அப்போது ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற இன்னொரு சண்டை கேம் கையால் வரைந்த படங்களோடு உலகத்தையே ஆட்டிக்கொண்டிருந்தது. இவர்கள் வரையவில்லை. தற்காப்புக் கலை தெரிந்தவர்களைக் கூட்டிவந்து, உடை மாட்டி, வீடியோ கேமரா முன்னால் நிறுத்தி அடிக்கச் சொன்னார்கள். வீடியோவிலிருந்து தேவையான பிரேமை எடுத்து, பின்னணியை வெட்டி எறிந்து, ஓரங்களைக் கையால் சுத்தம் செய்து ஸ்ப்ரைட் ஆக்கினார்கள். ஸ்ப்ரைட் என்பது வேறொன்றுமில்லை, வெட்டி ஒட்டிய படம். ஒரு ஆளுக்கு இத்தனை படம் என்று கணக்கு. நிற்பது, நடப்பது, உதைப்பது, விழுவது எல்லாம் அந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும்.

நான் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறவன். பச்சைத் துணி கட்டி எடுத்தாலே தலைமுடி ஓரத்தில் பச்சை ஒட்டிக்கொண்டு வரும். அதைத் துடைப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். 1992-இல் இருந்த கம்ப்யூட்டரில், ஒவ்வொரு பிரேமாக, ஒவ்வொரு புள்ளியாக என்று நினைத்தால் கும்பிடத்தான் தோன்றுகிறது.

நினைவகம் போதாததால் செய்த தந்திரங்கள்தான் இதில் சுவை. ஸ்கார்ப்பியன், சப்-ஜீரோ, ரெப்டைல் மூவரும் ஒரே ஆள், டேனியல் பெசினா. ஒரே உடையில் எடுத்த படத்துக்கு நிறத்தை மட்டும் மாற்றி மஞ்சள், நீலம், பச்சை. ஜானி கேஜும் அவர்தான். இரண்டு பக்கம் திரும்புவதற்குத் தனித்தனிப் படம் கிடையாது, ஒன்றையே கண்ணாடி மாதிரித் திருப்பிப் போடுவார்கள். அதனால் கானோ என்கிற ஆள் இடப்பக்கம் பார்த்தால் இரும்புத் தகடு ஒரு கண்ணில், வலப்பக்கம் பார்த்தால் மறு கண்ணில். சின்ன வயதில் இதைக் கண்டுபிடித்து என் அண்ணனிடம் சொன்னேன். அது கழற்றி மாட்டுகிற தகடு என்றான்.

நான்கு கை கோரோ மட்டும் ஆள் இல்லை. பொம்மை செய்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம் பிடித்தது.

8 நவம்பர், நள்ளிரவு தாண்டி 1.20

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். இவ்வளவு பேசிவிட்டு ஆடாமல் இருந்தால் எப்படி என்று, கேம் விற்கிற ஜிஓஜி தளத்தில் 4-இன் பிசி பதிப்பை வாங்கினேன். ஒன்பது மணிக்கு உட்கார்ந்தவன் இப்போதுதான் எழுந்திருக்கிறேன்.

முதல் குறிப்பில் எழுதியதில் பாதியை வாபஸ் வாங்க வேண்டும்.

இது வேகமான கேம். 3-ஐவிட மெதுவாக இருந்ததாக 25 வருஷமாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன். மெதுவாக இருந்தது எங்கள் சென்டரின் கம்ப்யூட்டர். பில் போடுவதற்கென்று வாங்கிய மெஷின், 3டி கார்டு என்று பெயருக்கு ஏதோ ஒன்று. பாதி பிரேம் வராமலே போய்விடும். அந்த மிதப்பு, தலையணை, அதெல்லாம் பூனும் டோபியாஸும் செய்த வேலை இல்லை போலிருக்கிறது. கேமரா ஓடாத ஸ்டூடியோவில் போட்டோ எடுத்துவிட்டு முகம் சரியில்லை என்று மாப்பிள்ளையைக் குறை சொன்ன கதை.

ஆனால் முழங்கை இன்னும் முக்கோணம்தான். அதில் மாற்றமில்லை.

9 நவம்பர், காலை 10.05

தூங்கி எழுந்து யோசித்ததில் இன்னொன்று. பாலிகன் கேம், பாலிகன் கேம் என்கிறோம். ஆடுகிறபோது கையில் என்ன மாறியது?

கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மேல்குத்து, கீழ்க்குத்து, மேலுதை, கீழுதை, பிளாக், ரன்: 3-இல் இருந்த அதே ஆறு பொத்தான். பிளாக்குக்குத் தனிப் பொத்தான், பின்னால் நகர்ந்தால் தானாகத் தடுக்காது. குனிந்து குத்தினால் அப்பர்கட். கீழே காலை வாரினால் விழுவான். மேலே தூக்கிவிட்டு விழுவதற்குள் தொடர்ந்து அடித்தால் அது ஒரு காம்போ. ஐஸ்காரன் உறைய வைப்பான், கயித்துக்காரன் கயிற்றை விட்டு இழுப்பான், கூடவே அந்த 'கெட் ஓவர் ஹியர்'. (அந்தக் குரல் எட் பூனுடையது என்பது தெரியுமா?) பக்கவாட்டில் நகர ஒரு வசதி கொடுத்திருக்கிறார்கள். நான்கு மணி நேரத்தில் அதை நான் வேண்டுமென்று பயன்படுத்தியது ஐந்தாறு முறை இருக்கும்.

அதாவது, பழைய வீட்டை இடிக்கவில்லை. சுவருக்கு டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள்.

புதுசு என்றால் ஆயுதம். ஒவ்வொருவரும் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒன்றை உருவலாம். ரெய்டனுக்குச் சுத்தியல், சப்-ஜீரோவுக்குப் பனியில் செய்த கோல். உருவுகிற நேரத்தில் அடி வாங்குவோம். உருவிவிட்டால் எதிராளி அடித்துத் தட்டிவிடலாம், விழுந்ததை அவனே எடுத்து நம்மையே அடிக்கலாம். சில இடங்களில் தரையில் கல் கிடக்கும், எடுத்து எறியலாம். தெருச்சண்டை மாதிரியே இருக்கிறது. அப்புறம் பிடித்துக்கொண்டு எலும்பை முறிக்கிற பிடி. கேமரா கிட்டே போய்க் காட்டுகிறது, சத்தத்தோடு. ஸ்ப்ரைட்டில் கிட்டே போக முடியாது. போனால் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

காம்போ எல்லை மீறினால் அதிகபட்ச சேதம் என்று அறிவித்து விலக்கிவிடுகிறது. எங்கள் காலத்தில் இது இருந்திருந்தால் அண்ணன் தம்பி உறவு இன்னும் சுமுகமாக இருந்திருக்கும்.

9 நவம்பர், காலை 10.30

டெக்கன் 3 என்ற இன்னொரு சண்டை கேம் பற்றிக் கேட்கிறார்கள். அதுவும் ஆர்கேடில் 1997. ஒப்பிட்டால் 4-க்கு வலிக்கும். டெக்கன் பிறக்கும்போதே பாலிகன். இடது கை, வலது கை, இடது கால், வலது கால் என்று நான்கு பொத்தான். உடம்பையே பொத்தானாக்கிவிட்டார்கள். அதற்கும் முன்னால் 1993-இல் சேகாவின் விர்ச்சுவா ஃபைட்டர், உடம்பில் ஒரு படம்கூட ஒட்டாமல் வெறும் நிறப் பட்டைகளாகவே வந்தது. அதை யாரும் அட்டைப்பெட்டி என்று திட்டவில்லை, ஏனென்றால் அதற்கு முன்னால் அந்த ஆட்களுக்கு வேறு முகம் இருந்ததில்லை. ஜானி கேஜின் முகம் நமக்குத் தெரியும். அதுதான் பிரச்சினை.

9 நவம்பர், மதியம் 1.10

4-இல் வரும் குவான் சீயின் ஃபேட்டாலிட்டியை, தோற்றவனைக் கொல்கிற அந்தக் கடைசி அடியைப் பற்றி யாரும் பேசவில்லையே. எதிராளியின் காலைப் பிடுங்கி அந்தக் காலாலேயே அவனை அடிக்கிறான். அடிக்கிறான், அடித்துக்கொண்டே இருக்கிறான், திரை இருட்டாகும்வரை. என் மனைவி கதவருகில் நின்று பார்த்துவிட்டு, சாப்பாடு போடட்டுமா என்று கேட்டாள்.

15 நவம்பர், இரவு 10.50

ஒரு வாரமாக இதுவே மண்டையில் ஓடுகிறது. வேகம் குறையவில்லை, பொத்தான் மாறவில்லை, அப்படியும் 3-இல் அடித்தால் கிடைக்கிற சுரீர் 4-இல் இல்லை. ஏன்?

தொழில் புத்தி விடவில்லை. முதல் பாகத்தில் ஒரு அப்பர்கட், 4-இல் ஒரு அப்பர்கட், இரண்டையும் பதிவுசெய்து எடிட்டிங் டைம்லைனில் மேலும் கீழுமாக வைத்தேன். கல்யாணத்தில் தாலி கட்டுகிற ஷாட்டை நகர்த்துகிற மாதிரி ஒவ்வொரு பிரேமாக நகர்த்தினேன்.

முதல் பாகத்தில்: குனிந்திருக்கிறான். கை தொடைக்குக் கீழே. அடுத்த படம், கை பாதி. அடுத்து முஷ்டி தலைக்கு மேலே, உடம்பு நீண்டு நிற்கிறது, அப்படியே நிற்கிறது. அந்த நிற்றல்தான் விஷயம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் கை எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது, கம்ப்யூட்டருக்கே தெரியாது. இல்லாத இடத்தைக் கண் தானாக நிரப்பிக்கொள்கிறது. கண் நிரப்புகிற வேகத்துக்கு எந்த மெஷினும் வராது.

4-இல்: கை எங்கேயும் தாவுவதில்லை. குனிந்த இடத்திலிருந்து மேலே போகும்வரை ஒவ்வொரு பிரேமிலும் ஒரு புது இடத்தில் இருக்கிறது. எல்லா இடத்தையும் கடந்து போகிறது. பாலிகன் உடம்புக்கு இந்த நிலை, அந்த நிலை என்று இரண்டைச் சொன்னால் போதும், நடுவில் உள்ளதைக் கணக்குப் போட்டு நிரப்பிவிடும். வழவழ என்று.

எங்கள் தொழிலிலும் இதே வியாதி உண்டு. சாதாரண வேகத்தில் எடுத்த ஷாட்டை ஸ்லோமோஷன் ஆக்கச் சொல்வார்கள். சாஃப்ட்வேர் இல்லாத பிரேமை உருவாக்கி நடுவில் செருகும். அட்சதை அரிசி காற்றில் எண்ணெய் மாதிரி வழியும். அரிசி விழுந்த மாதிரியே இருக்காது. பெண்ணின் அப்பா பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு, ஆனா ஏதோ கல்யாணம் மாதிரி இல்லையே என்பார். அவர் சொல்வது இதைத்தான்.

அதனால் தம்பி, உன் கேள்வியைக் கொஞ்சம் திருத்துகிறேன். முகத்தையும் முழங்கையையும்கூட மன்னித்துவிடலாம். 4-இல் காணாமல் போனது அந்த நடு இடைவெளி.

15 நவம்பர், இரவு 11.30

இதை நான் கண்டுபிடித்ததாக நினைத்து மீசையை முறுக்க வேண்டாம் என்று ஒருவர் போட்டிருக்கிறார். நியாயம். 2014-இல் வந்த கில்டி கியர் எக்ஸ்அர்ட் என்ற சண்டை கேம் முழுக்க 3டி பாலிகன், ஆனால் பார்த்தால் கையால் வரைந்த கார்ட்டூன் மாதிரி இருக்கும். ஆர்க் சிஸ்டம் ஒர்க்ஸ்காரர்கள் செய்த வேலை இதுதான்: கம்ப்யூட்டர் தானாக நடுவில் நிரப்புவதை நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு நிலையையும் கையால் வைத்து, அதைச் சில பிரேம்களுக்கு அப்படியே பிடித்து நிறுத்தி, அடுத்ததற்குத் தாவினார்கள். வசதி கையில் இருந்தும் வேண்டாம் என்று சொல்ல 17 வருஷம் ஆகியிருக்கிறது.

16 நவம்பர், காலை 7.45

நேற்று ராத்திரி எழுதியதைக் காபி குடித்துக்கொண்டே படித்தேன். அழகாகத்தான் இருக்கிறது, முக்கால்வாசி மட்டும் உண்மை.

முதல் பாகத்தில் இடைவெளி விட்டதை யாரும் கலைக்காக விடவில்லை. நினைவகம் இல்லை, விட்டார்கள். இடம் இருந்திருந்தால் அந்த நான்கு பேரும் இருபது படம் வைத்திருப்பார்கள். 3-இல் நடையைப் பாருங்கள், இடுப்பில் சுளுக்கு விழுந்த மாதிரி நடப்பார்கள். அதையும் சுரீர் என்று பாராட்டுவேனா? மாட்டேன். அடி விழுகிற இடத்தில் இல்லாமை அழகு, நடக்கிற இடத்தில் அதே இல்லாமை அசிங்கம். இரண்டும் ஒரே பஞ்சத்தில் பிறந்தவை.

22 நவம்பர், இரவு 9.30

மச்சான் வீட்டில் பழைய மார்ட்டல் காம்பாட் கேம்களின் தொகுப்பான லெகசி கலெக்ஷன் வாங்கியிருக்கிறார்கள். டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் போன மாதக் கடைசியில் வெளியிட்டது. அதில் 4-இன் ஆர்கேட் பதிப்பே இருக்கிறது. 1997-இல் காசு போட்டு ஆடிய அதே கேம். இத்தனை வருஷம் நாம் ஆடியதெல்லாம் வீட்டு மெஷின்களுக்காக யூரோகாம் நிறுவனம் மாற்றிக் கொடுத்த பதிப்புகள்.

நேராக அப்பர்கட்தான் விட்டுப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாய் கூசுகிறது, ஆனாலும் நன்றாக இருக்கிறது. ஆர்கேட் பதிப்பு ஓடியது மிட்வேயின் ஜீயஸ் என்ற ஹார்ட்வேரில். அந்தப் பதிப்பில் பாலிகனின் ஓரங்கள் அவ்வளவு உறுத்தவில்லை. அதைவிட முக்கியம் சத்தம். பெரிய டிவி, பக்கத்தில் ஸ்பீக்கர், அடி விழுந்ததும் மச்சான் மகன் சோபாவில் பின்னால் சாய்ந்தான். சென்டரில் எங்களுக்கு ஸ்பீக்கரே கிடையாது, மெயில் பார்க்கிறவர்களுக்குத் தொந்தரவு என்று வயரைப் பிடுங்கி வைத்திருப்பார்.

அட. முதல் குறிப்பில் என்ன எழுதினேன்? 3-இல் அடி விழுந்தால் பக்கத்து சேர்க்காரர் திரும்பிப் பார்ப்பார் என்று. ஸ்பீக்கர் இல்லாமல் எதற்குத் திரும்பிப் பார்த்தார்? நாங்கள் போட்ட சத்தத்துக்குத்தான்.

22 நவம்பர், இரவு 9.50

ஆர்கேடில் கோரோவைத் தேடிவிட்டு வந்து காணோமே என்று கேட்கிறவர்களுக்கு: அவன் வீட்டுப் பதிப்பில்தான் வந்தான். ரெய்கோ இருக்கிற இடத்தில் ஆர்கேடின் ஆரம்பப் பதிப்பு ஒன்றில் நூப் சைபாட் இருந்தான். 1999-இல் டிரீம்காஸ்ட் என்ற வீட்டு மெஷினுக்கு வந்த, 4-இன் விரிந்த பதிப்பான மார்ட்டல் காம்பாட் கோல்டில் கிடானா, மிலீனா, பராக்கா, குங் லாவ், சைரக்ஸ், செக்டார் எல்லாம் சேர்ந்துகொண்டார்கள். அதை நான் ஆடியதில்லை, அதனால் வாயைத் திறக்க மாட்டேன்.

6 டிசம்பர், மாலை 4.20

நிஜ ஆட்களை விட்டதற்கு வேறு காரணமும் இருக்குமோ என்று ஒருவர் கிளப்பிவிட்டிருக்கிறார். ஆமாம், வழக்கு நடந்தது. முதல் இரண்டு பாகத்தில் நடித்த டேனியல் பெசினா உள்ளிட்டோர், தங்கள் உருவத்தை வீட்டுப் பதிப்புகளுக்கும் பயன்படுத்தினார்கள் என்று வழக்குப் போட்டார்கள். பெசினாவின் வழக்கு 1996-இல் மிட்வே பக்கம் முடிந்தது. 3-இல் பழைய முகங்கள் பல இல்லாமல் போய்ப் புதியவர்கள் வந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். ஜானி கேஜ் 3-இல் ஆளே இல்லை.

ஆனால் அதனால்தான் பாலிகனுக்குப் போனார்கள் என்று முடிச்சுப் போட மாட்டேன். 1997-இல் ஆர்கேடுக்குள் நுழைந்தால் எல்லா மெஷினும் 3டி. அதற்கு முன்பே மிட்வே வார் காட்ஸ் என்று ஒன்றைச் செய்து பார்த்தது, நடிகர்களின் போட்டோவையே பாலிகன் மேல் தோலாகப் போர்த்தியது. ஸ்ப்ரைட்டும் வேண்டும், பாலிகனும் வேண்டும் என்ற ஆசை. பார்த்தவர்களுக்குத் தெரியும், மழையில் நனைந்த போஸ்டர் மாதிரி இருக்கும். அதோடு ஒப்பிட்டால் 4 ராஜா.

எதிர்த் திசையில் போனவர்களும் உண்டு. அதே 1997-இல் கேப்காம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3-ஐக் கையால் வரைந்தே வெளியிட்டது. 3டி ஆசைக்கு ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஈஎக்ஸ் வேலையை அரிகா என்ற வேறு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு, குடும்ப வீட்டைக் கையில் வைத்துக்கொண்டது. கெட்டிக்காரர்கள்.

6 டிசம்பர், மாலை 4.45

வேடிக்கை ஒன்று. சண்டைப் பட நடிகர் ஜான்-கிளாட் வான் டாமை வைத்து கேம் செய்ய வேண்டும் என்றுதான் இதெல்லாம் 1991 வாக்கில் ஆரம்பித்தது. நடக்காததால் ஜானி கேஜ் பிறந்தான், அதே ஜே, சி எழுத்துகளோடு. 2023-இல் வந்த மார்ட்டல் காம்பாட் 1-இல் ஜானி கேஜுக்கு வான் டாம் முகமே போட்டுக்கொள்ளலாம். முப்பது வருஷம் கழித்து, பாலிகனில்! நிஜ ஆள் கிடைக்காமல் தொடங்கிய தொடர், பாலிகனுக்குப் போன பிறகுதான் அந்த ஆளைப் பிடித்தது. தம்பி, இதற்கு என்ன சொல்கிறாய்?

7 டிசம்பர், காலை 9.00

தொடர் செத்ததா என்ற பகுதிக்கு நான் பதிலே சொல்லவில்லையாம். சரி. சாகவில்லை. 4-க்கு அடுத்த பெரிய பாகம் 2002-இல் டெட்லி அலையன்ஸ், அது நேராக வீட்டு மெஷினுக்கு. ஆர்கேட் அந்தக் காலத்தில் மூச்சை விட்டுக்கொண்டிருந்தது. மிட்வேயே 2001-இல் அந்த வியாபாரத்திலிருந்து விலகியது, 2009-இல் திவால் மனு கொடுத்தது, வார்னர் வாங்கியது. 2011-இல் வந்த பாகம் என்ன செய்தது என்றால், ஆட்கள் பாலிகன், சண்டை ஒரே கோட்டில். 4 செய்ததும் கிட்டத்தட்ட அதேதான். அதற்கு மாலை போட்டார்கள், இதற்குச் செருப்பு.

30 டிசம்பர், இரவு 8.15

ஷார்ஜாவிலிருந்து அண்ணன் போன் செய்தான். இந்த இழையை அனுப்பியிருந்தேன். முழுக்கப் படித்தானாம். அவன் சொன்னதை அப்படியே போடுகிறேன்:

"டேய், நாம 4-ஐ ஒரு வாரம்கூட ஆடலை. மூணாவது ஃபைட்ல சிடி கீறல்ல மாட்டி நின்னுடும். நீ சொல்ற தலையணை கதை எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. நீ அதை வெறுத்ததுக்குக் காரணம், அதுல நான் உன்னை ஜெயிச்சுட்டே இருந்தேன்."

இது பொய். கொஞ்சம் பொய்.

நடந்தது என்னவென்றால் கீபோர்டு ஒன்றுதான். இடப்பக்கம் அவன், வலப்பக்கம் நான். அந்தக் கால மலிவுக் கீபோர்டில் ஒரே நேரத்தில் மூன்று நான்கு பொத்தானுக்கு மேல் அமுக்கினால் அடுத்தது பதிவாகாது. இதை அவன் எனக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டான். பிளாக்கை ஒரு விரலால், ரன்னை ஒரு விரலால், திசையை இன்னொரு விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருப்பான். நான் குனிந்து குத்துவேன். குனிந்தவன் குனிந்தபடியே இருப்பான், கை வராது. கேம் சரியில்லை என்று நான் கத்துவேன். அவன் நல்ல பிள்ளையாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். விஷயம் எனக்குத் தெரிய வந்தது மூன்று வருஷம் கழித்து, வேறொரு பையன் சொல்லி.

இப்போது யோசித்தால் என் 25 வருஷத்து பாலிகன் வெறுப்பில் எத்தனை பங்கு பாலிகனுக்கு, எத்தனை பங்கு கீபோர்டுக்கு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கேள்வி கேட்ட தம்பி மன்னிக்கவும். நவம்பர் 15 குறிப்பை மட்டும் அழிக்க மாட்டேன். டைம்லைனில் பார்த்தது பார்த்ததுதான்.

18 ஜனவரி 2026, இரவு 11.10

பொங்கலுக்கு அண்ணன் வந்திருக்கிறான். மாட்டுப் பொங்கல் முடிந்து, நேற்றெல்லாம் சொந்தக்காரர்கள், இன்றைக்குத்தான் உட்கார நேரம் கிடைத்தது. இரண்டு கன்ட்ரோலர் எடுத்து வைத்தேன். வேண்டாம் என்றான். கீபோர்டுதான் வேண்டுமாம், ஒன்று போதுமாம். கடையிலிருந்து ரசீது அடிக்கிற பழைய கீபோர்டைக் கொண்டுவந்தேன். என்னுடைய எடிட்டிங் கீபோர்டு நல்ல ரகம், எத்தனை பொத்தான் அமுக்கினாலும் எடுத்துக்கொள்ளும். அது அவனுக்குப் பிடிக்கவில்லை.

அவன் ஐஸ்காரன். நான் கயித்துக்காரன். இரண்டு பேருக்கும் கண்ணாடி வேண்டியிருந்தது, அவனுடையதை என் மனைவி தேடிக் கொடுத்தாள். முதல் ரவுண்டில் அவன் அப்பர்கட் விட்டான், நான் மேலே போய் விழுந்தேன், உள்ளேயிருந்து அம்மா என்னடா சத்தம் என்றாள்.

ஐந்து ஆட்டம். மூன்றுக்கு இரண்டு, அவன் ஜெயித்தான். கடைசி ரவுண்டில் நான் குனிந்தேன், குத்தினேன், கை வரவில்லை. குனிந்து பார்த்தால் அவன் இடது கை மூன்று பொத்தான் மேல் படுத்திருக்கிறது.